ஏழாம் கிரீனில் கால்தடங்கள்

“அம்மா, மிதிச்ச உடனேயே புல்லுக்கு வலிக்குமா, இல்ல அப்புறமாத்தான் வலிக்குமா?”

எய்லி இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. உறைபனி இறங்கிய ஒரு காலையில் மோராக் அவளைப் பள்ளிக்கு அனுப்பும் முன் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். கிரீன் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. குழியும் கொடியும் இருக்கிற, பாய் விரித்தாற்போன்ற அந்தப் புல்வட்டத்தின் ஓரத்தில் மகளை நிறுத்தி, எங்கே வேண்டுமானாலும் ஓடு, இதன் மேல் மட்டும் கால் வைக்காதே, வைத்தால் புல் செத்துப்போகும் என்றாள். பிள்ளை குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். மோராக் சிரித்தாள். மகளின் மூக்கைத் துடைத்து, போய் டீச்சரைக் கேள் என்று அனுப்பிவிட்டாள்.

பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. மைதானத்துப் புல்லைப் பராமரிக்கிற வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். உறைந்த புல் கண்ணாடி மாதிரி. மிதித்தால் உள்ளுக்குள் நொறுங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வெயில் வந்து பனி உருகினால் கிரீன் பழையபடி பச்சையாகச் சிரிக்கும். சில நாள் போன பிறகுதான் தடம் மேலே வரும். முதலில் பழுப்பு, அப்புறம் கறுப்பு. சூடு போட்டதுபோல, செருப்பின் அளவு பிசகாமல். குளிர்காலத்தில் புல் வளராது. ஆகவே டிசம்பரில் விழுந்த தடம் ஏப்ரல்வரை அப்படியே கிடக்கும்.

எய்லி வளர்ந்து கார் ஓட்டத் தொடங்கிய பிறகு வந்த ஒரு டிசம்பரில், கடலோரத்து ஸ்கார்நெஸ் மைதானத்தின் ஏழாம் கிரீனில் அப்படித்தான் தடங்கள் மேலே வந்தன.

முதலில் பார்த்தவள் மோராக்தான். கடல்பக்க ஓரத்திலிருந்து ஒரு வரிசை கிரீனுக்குள் போனது. நடுவில் ஓரிடத்தில் இரண்டு கால்களும் சேர்ந்து நின்றிருந்தன. அங்கிருந்து இன்னொரு வரிசை வெளியே வந்தது. அவ்வளவுதான். குழி அங்கே இல்லை. அது பத்தடி தள்ளி வலப்பக்கம் இருந்தது. பந்து தேடி வந்தவன் நடை இப்படி இருக்காது. வழி தவறி வந்தவனும் இப்படி நேராகப் போய் நின்று திரும்ப மாட்டான். யாரோ வேண்டுமென்றே உள்ளே போய், நின்று, திரும்பியிருக்கிறார்கள். கெடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்றாததற்கும் ஒரு காரணம் உண்டு. சென்ற வசந்தத்தில்தான் மோராக் தலைமைப் பராமரிப்பாளர் ஆகியிருந்தாள். அந்தக் கரையோரத்தில் எந்த மைதானத்திலும் அதற்குமுன் ஒரு பெண் அந்த வேலையில் இருந்ததில்லை. கிளப் கமிட்டி அவளுக்கு ஓராண்டு தவணை கொடுத்திருந்தது. குளிர்காலத்தைச் சேதமில்லாமல் தாண்டட்டும், மார்ச் முடிவில் நிரந்தரம் பற்றிப் பேசலாம் என்றார்கள். அதே வேலைக்கு விண்ணப்பித்து ஏமாந்தவர் ஃபெர்கஸ் டூதி. அவளுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். இப்போது அவளுக்குக் கீழே வேலை செய்கிறார். ஏழாம் கிரீனுக்கு எதிரே, முட்புதர்களுக்குப் பின்னால், கிளப்புக்குச் சொந்தமான ஒரு சின்ன வீட்டில் மனைவி ஈனாவோடு குடியிருந்தார்.

மறுநாள் காலை பட்டறையில் தேநீர் நேரத்தில் மோராக் கேட்டாள். அன்று கமிட்டியின் மைதானப் பொறுப்பாளர் மிஸ்டர் அலர்டைஸும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். கிரீனையும் வாய்க்குள் பார்ப்பதுபோலவே குனிந்து, உதட்டைப் பிதுக்கிப் பார்ப்பார். ஏழாம் கிரீனை அப்படிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏழுல யார் நடந்தது?” என்றாள் மோராக்.

புல்வெட்டும் கத்திகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ராம்சே நிமிர்ந்தான். மைதானத்தில் வேலை பார்க்கும் மூவரில் வாயாடி அவன்தான். “நான் இல்ல பாஸ். உறைபனில நான் வீட்டுல இருந்து பட்டறைக்கு வர்றதே பெரிய விஷயம். அவ்வளவு தூரம் நடந்துபோய்த் தப்புப் பண்றதுக்கு எனக்குச் சம்பளம் பத்தாது” என்றான்.

ஃபெர்கஸ் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மீதித் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மணற்குழிக்குப் புல்கட்டி அடுக்கணும் என்று பொதுவாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அலர்டைஸ் மோராக்கைப் பார்த்தார். மோராக் கதவைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாக ஆனாள். எதையும் சும்மா பார்க்க முடியவில்லை. வேலைக்குப் போட்டி போட்ட நாள்வரை அவளை “மோராக்” என்று பெயர் சொல்லித்தான் ஃபெர்கஸ் கூப்பிடுவார், அவள் தலைமைக்கு வந்த நாள்முதல் “பாஸ்.” ராம்சே சொல்லும்போது விளையாட்டாகத் தெரிந்த அதே சொல் ஃபெர்கஸ் வாயிலிருந்து வந்தபோது குத்தலாகக் கேட்டது. விடிவதற்கு முன்பே பட்டறையில் விளக்கு எரிவதைச் சில காலைகளில் அவள் கண்டாள். இவ்வளவு சீக்கிரம் இவருக்கு இங்கே என்ன வேலை? ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் ஃபெர்கஸும் அலர்டைஸும் தலைகுனிந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் நெருங்கியதும் பேச்சு நின்றது. இன்னொரு நாள் மணல் தூவும் வண்டியின் சக்கர ஆணி பாதி கழன்றிருந்தது. நல்லவேளை, ஓட்டுவதற்குமுன் ராம்சே பார்த்தான். துருப்பிடிச்ச சாமான் பாஸ், அதுக்குக்கூட நம்மளப் புடிக்கல என்று சிரித்தான். மோராக் சிரிக்கவில்லை.

மழை பெய்த ஒரு மதியம், ஆட்கள் இல்லாதபோது, அவள் பூட்ஸ் உலர்த்தும் அறைக்குள் போனாள். சூட்டுக்குழாயின் மேல் பூட்ஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஏழாம் கிரீனில் ஒவ்வொரு இடக்கால் தடத்திலும் குதிகாலில் பிறைபோல ஒரு துண்டு குறைந்திருப்பதை அவள் கவனித்திருந்தாள். ராம்சேயின் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். முழுசாக இருந்தது. ஃபெர்கஸின் இடது பூட்ஸை எடுத்தாள். குதிகாலில் பிறை அளவுக்கு ரப்பர் தேய்ந்து போயிருந்தது.

அப்போது அவள் மனதில் எழுந்தது வருத்தம் என்றுதான் வெளியே யாரிடமும் சொல்லியிருப்பாள். உண்மையில் எழுந்தது ஒரு திருப்தி. நான் நினைத்தது சரி என்ற திருப்தி. பூட்ஸை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பட்டறையில் அவளுடைய அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அது ஈனாவுடையது. மாதத் தொடக்கத்தில் எய்லியின் கார் பனியில் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது, மணிக்கட்டு முறிந்தது. செய்தி வந்த மாலை மோராக் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி எல்கின் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரவு முழுக்க மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுநாள் மதியம் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, பட்டறை வாசலில் ஃபெர்கஸ் அந்த ஜாடியோடு நின்றிருந்தார். பார்லியும் டர்னிப்பும் போட்ட ஆட்டு எலும்புச் சூப். ஈனா குடுத்தா, சூடு பண்ணிக் குடிங்க என்று மட்டும் சொன்னார். அன்று மோராக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அந்த ஜாடியைப் பார்த்தால், இது எதற்காக வந்தது என்று தோன்றியது. திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. சூப்பில்கூட அவளுக்கு உள்நோக்கம் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஃபெர்கஸ் அவளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஈனா நெஞ்சுச்சளியோடு வந்திருக்கவில்லை. அவருடைய சட்டைக் காலர் சரியாக மடிக்கப்படாமல் இருந்தது. எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், எங்களிடம் கடன்பட்டவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் கடன்களை மன்னியும் என்கிற அந்த வரி வந்தபோது மோராக்கின் வாய் தானாக மூடிக்கொண்டது. ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல அவளுக்குப் பயம். அந்த ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு மட்டும் அந்த இடைவெளி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கழிந்தன. ஜனவரியில் அலர்டைஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஏப்ரலில் வெளியூர் ஆட்டக்காரர்கள் வருவார்கள், முதலில் அவர்கள் கண்ணில் படப்போவது ஏழாம் கிரீன்தான், கமிட்டியில் கேட்கிறார்கள் என்றார்.

“உங்களுக்கு யாருன்னு தெரியும், மோராக். உங்க முகத்துலயே எழுதியிருக்கு. சனிக்கிழமை கமிட்டி கூடுது. பேரைச் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்.”

“சொன்னா அவரை என்ன பண்ணுவீங்க?”

“வேணும்னே கிரீனைக் கெடுத்தவனை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அனுப்பிட வேண்டியதுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “சொல்லலைன்னா கிரீனுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். அது உங்களுக்கே தெரியும்” என்றார்.

வேலை போனால் வீடும் போகும். அது கிளப் வீடு. ஈனாவின் நெஞ்சை வைத்துக்கொண்டு, அந்த வயதில், அந்தக் குளிரில் ஃபெர்கஸ் எங்கே போவார்? இதை நினைத்து மோராக்குக்கு இரண்டு நாள் சரியாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுபக்கம் அவளுடைய வேலையும் இருந்தது. தனியாக மகளை வளர்த்து, காற்றிலும் மழையிலும் நின்று, படித்து, தேர்வெழுதி, ஆண்கள் சிரிக்கச் சிரிக்கப் பிடித்த வேலை. அதைக் கெடுக்க நினைத்தவருக்கு நான் ஏன் இரங்க வேண்டும்? அவருக்கு என்மேல் இரக்கம் இருந்ததா? சொல்லிவிடுவது என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை, கமிட்டிக்குக் காட்டப் படம் எடுக்கலாம் என்று செல்போனோடு ஏழாம் கிரீனுக்குப் போனாள். முந்தின நாள் மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. உறைபனி இல்லை. சூரியன் கடல்மட்டத்திலிருந்து ஒரு கை உயரம்தான் எழும்பியிருந்தது. அதன் வெளிச்சம் புல்லின்மேல் படுத்த மாதிரி விழுந்தது. கிரீன் முழுக்கப் பனித்துளி. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் சின்ன மேடுபள்ளம்கூட நிழலோடு தெரியும்.

தடங்கள் சேர்ந்து நின்ற இடத்தைப் படம் எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு கால்களுக்கும் முன்னால், புல்லில் ஒரு வட்டம் தெரிந்தது. சாஸர் அளவு வட்டம். மற்ற புல்லைவிட ஒரு மயிரிழை தாழ்ந்து, பனித்துளி அதில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியிருந்தது. அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய குழி. குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் தேய்ந்துபோகும் என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புது இடத்தில் வெட்டி எடுத்த மண்ணும் புல்லுமான உருளையைப் பழைய குழிக்குள் வைத்து அழுத்திவிடுவது வழக்கம். உறைபனி விட்டதும் ராம்சேதான் இந்தக் குழியை மாற்றியிருந்தான். தடங்கள் மேலே வந்தபோது குழி வேறிடம் போய்விட்டிருந்தது.

அப்படியானால் நடந்தவர் வெறும் புல்லை நோக்கி நடக்கவில்லை. குழியை நோக்கி நடந்திருக்கிறார். குழியில் அப்போது என்ன இருந்தது?

மோராக் முழங்காலிட்டு அந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

உறைபனி வரும் என்று வானொலி சொல்லும் மாலைகளில், எல்லாக் கொடிகளையும் கிரீனிலிருந்து பிடுங்கி, கொஞ்சம் முன்னால் சாதாரணப் புல்லில் வெட்டி வைத்திருக்கும் குளிர்காலக் குழிகளில் நட்டுவிட வேண்டும். அப்போதுதான் காலையில் வருகிற ஆட்டக்காரர்கள் அந்தக் குழிக்கு ஆடிவிட்டுக் கிரீனை மிதிக்காமல் போவார்கள். மூவரும் பங்கு பிரித்துக்கொண்டு செய்வார்கள். மைதானத்தின் கோடியில் இருப்பவை மோராக்கின் பங்கு. கோடியிலிருந்து தொடங்கி வீடு நோக்கி வருவாள். கடைசி கிரீன் ஏழு.

விபத்து நடந்த அந்த மாலை, கொடிகளை மாற்றிக்கொண்டு வரும் வழியில்தான் எய்லியின் போன் வந்தது. பள்ளம், கார், கை. வண்டியைத் திருப்பியது நினைவிருந்தது. சாவியைக் கீழே போட்டுத் தேடியது நினைவிருந்தது. ஏழாம் கிரீனில் கொடியைப் பிடுங்கியது நினைவில் இல்லை. இத்தனை நாளும் பிடுங்கிவிட்டதாகவே அவள் நினைத்திருந்தாள். எப்போதும் செய்கிற வேலை, அன்றும் செய்திருப்போம் என்று மனம் தானே நிரப்பிக்கொண்டது.

கொடி கிரீனிலேயே நின்றிருக்கிறது. விடியும்போது எல்லாம் உறைந்திருக்கிறது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவர், எதிரே முட்புதர்களுக்குப் பின்னால் அந்த வீட்டில் இருப்பவர். முதல் ஆட்டக்காரர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். அந்தக் கொடியைப் பார்த்து நாலு பேரும் வண்டிகளோடு கிரீன்மேல் ஏறியிருந்தால், ஏப்ரலில் புல்லே இருந்திருக்காது. ஒருவர் போய் எடுத்தால் ஒரு வரிசைத் தடம். அதோடு போகும்.

யார் என்பதில் அவள் தவறவில்லை. ஏன் என்பதைத்தான் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

படம் எடுக்காமல் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டு ஜன்னலில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. உள்ளே ஈனா இருமுவது காற்றில் மெல்லக் கேட்டது. விடிவதற்கு முன்பே பட்டறையில் விளக்கு எரிகிறதே, அதற்கு அந்த இருமலே காரணமாக இருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. தூக்கம் இல்லாத மனிதன் எங்கே போவான்?

கமிட்டி அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஷார்ட்பிரெட் பிஸ்கட் தட்டு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போனது. கார்களின் விலை, யாருடையதோ முழங்கால்வலி பற்றிய பேச்சு எல்லாம் முடிந்தபின் அலர்டைஸ் ஏழாம் கிரீனுக்கு வந்தார். பேர் என்ன என்று கேட்டார்.

“மோராக் கெட்டிஸ்” என்று தன் முழுப்பேரைச் சொன்னாள்.

யாரோ இருமினார்கள்.

“கொடியை எடுக்காம விட்டுட்டுப் போனது நான். அன்னைக்கு என் மகளுக்கு விபத்து. அது காரணம்தான், சாக்கு இல்ல. காலையில ஒருத்தர் அதைப் பாத்து, ஒத்தை ஆளாப் போய் எடுத்திருக்காரு. அந்தத் தடம்தான் அது. அவர் போகலைன்னா இன்னைக்கு நாம புது கிரீன் போடறதைப் பத்திப் பேசிக்கிட்டிருப்போம்.”

“யார் அவர்?” என்றார் அலர்டைஸ்.

“நன்றி சொல்றதுக்காகக் கேக்குறீங்கன்னா, அதை நானே சொல்லிக்கிறேன் மிஸ்டர் அலர்டைஸ்.”

அலர்டைஸ் அவளைப் பார்த்தார். கெட்ட பல்லைப் பிடுங்க வந்து, அது நல்ல பல் என்று தெரிந்த டாக்டரின் முகம். பேரை மறுபடி கேட்கவில்லை. ஆனால் கமிட்டி கமிட்டிதான். இந்த நிலையில் மார்ச்சில் நிரந்தரம் பற்றிப் பேசுவது சரியாக இருக்காது, இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மோராக் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் காற்று முகத்தில் அடித்தது. தோற்றுத்தான் வந்திருந்தாள், ஆனாலும் பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

திங்கட்கிழமை ஃபெர்கஸ் மணற்குழியின் சுவருக்குப் புல்கட்டிகளைச் செங்கல்போல அடுக்கிக்கொண்டிருந்தார். மோராக் பக்கத்தில் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பாதிச் சுவர் எழும்பியது.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்றாள்.

ஃபெர்கஸ் ஒரு கட்டியை வைத்து முஷ்டியால் தட்டினார். “எப்ப சொல்றது? நீங்க பிள்ளைக்குக் கையில கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்து நிக்கிறீங்க. அந்த நேரத்துல உங்க கையில கொடியைத் திணிக்கவா?”

“அப்புறம், பட்டறையில கேட்டேனே?”

“பல் டாக்டர் உக்காந்திருந்தாரே.”

அவர் இன்னொரு கட்டியைத் தட்டி உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மோராக், தான் என்ன நினைத்திருந்தாள் என்பதைச் சொல்ல வாயெடுத்தாள். பூட்ஸைத் திருப்பிப் பார்த்ததிலிருந்து தொடங்க நினைத்தாள். ஃபெர்கஸ் கையை நீட்டினார்.

“அடுத்த கட்டியைக் குடும்மா. காத்து மாறுறதுக்குள்ள முடிக்கணும்.”

பாஸ் என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள். கட்டியைக் கொடுத்தாள்.

அன்று மாலை ஜாடியைக் கழுவித் துடைத்து, தன் வீட்டில் செய்த ஆரஞ்சு ஜாம் நிரப்பி ஈனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்கள் வீட்டு வெந்நீர் பாய்லர் பழுதாகிக் கிடந்தது, கிளப்பில் சரிசெய்து தரச் சொல்லி ஃபெர்கஸ் அலர்டைஸிடம் கேட்டிருக்கிறார் என்று ஈனா பேச்சுவாக்கில் சொன்னாள். கார் நிறுத்துமிடத்தில் நடந்த இரகசியப் பேச்சு அதுதான். சக்கர ஆணி எப்படிக் கழன்றது என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. உலகத்தில் கழல்கிற ஆணிக்கெல்லாம் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஞாயிறு ஜெபத்தில் அவள் எல்லா வரிகளையும் சொன்னாள். ஆனால் இப்போது அந்த வரி வேறு விதமாகக் கனத்தது. இதுவரை மன்னிக்கிற இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தவள், கடன்பட்ட இடத்தில் தானே நிற்பதைக் கண்டாள். ஃபெர்கஸ் நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாத மனிதர். அவருக்கு எதைக் கொண்டு திருப்பிக் கொடுப்பது?

பிப்ரவரிக் கடைசியில் ஈனாவின் நெஞ்சு மோசமானது. ஒருநாள் மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. ஃபெர்கஸ் பன்னிரண்டாம் குழியருகே, புதிதாக அடுக்கிய புல்சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ராம்சே ஓடிப்போய்ச் சொன்னதும் குழாயை மூடிவிட்டு மேல்கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினார். பயப்பட ஒன்றுமில்லை, சில நாள் வைத்திருந்து அனுப்புவார்கள் என்று மாலையில் ராம்சேக்குச் செய்தி வந்தது.

அன்று காற்று நின்றுபோய், வானம் பளிங்காக இருந்தது. வானொலியில் கேட்கத் தேவையில்லை. கடுமையான உறைபனி வரப்போகிறது என்று மூக்கே சொன்னது. கொடிகளை மாற்றிவிட்டு, இந்தமுறை ஒன்றுவிடாமல் திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மோராக் பன்னிரண்டாம் குழி வழியாக நடந்தாள். சூரியன் மறைந்து, கடலின்மேல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

குழாய் மூடியிருந்தது. ஆனால் குழாயை மூடினால் போதாது. தரையில் புதைத்த சின்னத் தொட்டிக்குள் இருக்கும் வால்வை அடைத்து, குழாயில் நிற்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, சாக்கு சுற்றிக் கட்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க அது ஃபெர்கஸின் பொறுப்பு, ஒருநாளும் தவறியதில்லை. இன்று தவறியிருந்தார். சாக்கு பக்கத்தில் மடித்து வைத்தபடி கிடந்தது. அப்படியே விட்டால் விடிவதற்குள் குழாய் வெடித்து, தண்ணீர் புதுச் சுவரின் அடியையே அரித்துக்கொண்டு போய்விடும். காரணம் கேட்கக் கமிட்டி இருக்கிறது.

மோராக் சுற்றிப் பார்த்தாள். மணல்மேட்டின்மேல் இரண்டு முயல்கள் தவிர யாருமில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வயிறு தரையில் படக் குப்புறப் படுத்தாள். தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டு வால்வைத் தேடினாள். இரும்பு விரலைக் கடித்தது. இரண்டு முறை வழுக்கி மூன்றாம் முறை திரும்பியது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வடிகிற சத்தம் நின்று, கடைசிச் சொட்டும் விழுந்தபிறகு எழுந்தாள்.

சாக்கைச் சுற்றினாள். தன் வழக்கப்படி முடிச்சுப் போடப் போனவள் நிறுத்தினாள். ஃபெர்கஸின் அப்பா படகுக்காரர். வலை கட்டும் அந்த முடிச்சைத்தான் ஃபெர்கஸ் எல்லாக் குழாய்க்கும் போடுவார்; இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அடியில் செருகிவிடுவார். அதை அவுக்கணும்னா அவங்கப்பாவையே எழுப்பிட்டு வரணும் என்று ராம்சே திட்டாத நாளில்லை. மரத்துப்போன விரல்களால் மோராக் அதைப் போட்டுப் பார்த்தாள். சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள். நுனியை அடியில் செருகி, பெருவிரலால் அழுத்தினாள். இப்போது பார்த்தால் ஃபெர்கஸே, ஓடும் அவசரத்திலும் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

கையுறையை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டாம் கிரீனைச் சுற்றிக்கொண்டு போகும் நீண்ட வழியில் பட்டறையை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் புல் மெல்ல வெளுக்கத் தொடங்கியிருந்தது.